வாளைப் பார்க்கச் சொன்னார்கள், பிடியைப் பார்த்தேன்



அமெரிக்காவில் பெரியவள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வாணியம்பாடி வந்து பத்து நாள் ஆகிறது. "டீச்சர், என்னென்ன பார்த்தீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நயாகரா படங்களையெல்லாம் என் மகளே போட்டுவிட்டாள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு வாளைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் பேரனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறான். மூன்று வருடமாக ஜப்பானிய வாள் வகுப்புக்குப் போகிறான். நம் ஊரில் சிலம்பம் கற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மரவாள், பிறகு கூர் இல்லாத வாள். நிதானம் வந்தபிறகுதான் கூரான வாளைத் தொட விடுவார்கள். அந்த வாளால் பாயை வெட்ட வேண்டும். நம் கோரைப்பாய் மாதிரி ஒரு பாய்தான். அதைச் சுருட்டிக் கட்டி, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மர முளையில் செங்குத்தாகச் செருகி, சாய்வாக ஒரே வீச்சில் வெட்டுவது. இதற்கு 'தமேஷிகிரி' என்று பெயர். அந்தக் காலத்தில் வாளைச் சோதிக்கச் செய்தது. இப்போது வாள் பிடித்தவனையும் சேர்த்தே சோதிக்கிறது.

விடுமுறையில் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பையன் வெட்டுப் பயிற்சிக்கென்று ஒரு வாள் வாங்கிவிட்டான். நான் போன இரண்டாம் வாரம் நீளமான பெட்டி ஒன்று வாசலுக்கு வந்தது. வீட்டில் சண்டை.

"அம்மா, நீ சொன்னா கேப்பான். வேணாம்னு சொல்லும்மா" என்றாள் மகள்.

"ஆயா, உங்க அப்பா கத்தி வேலை செஞ்சவர்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான் பேரன்.

விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை. "முதல்ல பார்க்கறேன்" என்றேன். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் அலகிலிருந்து ஆரம்பித்தான். பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். அலகு எழுபது சென்டிமீட்டர். முழு வாளும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இந்த மாதிரி வாள்கள் ஜப்பானில் செய்யப்படுவதில்லையாம். அங்கே உரிமம் பெற்ற கொல்லர்கள் பழைய முறையில் செய்து, பதிவும் செய்த வாள்களுக்குத்தான் அனுமதி. வெளிநாடுகளில் பயிற்சிக்கு வாங்குவது பெரும்பாலும் சீனாவில் செய்தவை. லோங்சுவான் என்ற ஊர் அதற்குப் பேர்போனதாம். நமக்குத் தோல் எப்படியோ, அவர்களுக்கு வாள். ஒரு தொழிலுக்குப் பேர் போன ஊரில் ஒரே தெருவிலிருந்து நல்ல சரக்கும் வரும், மட்டமான சரக்கும் வரும். அது வாணியம்பாடிக்காரிக்குத் தெரியாதா?

எஃகு என்ன என்று கேட்டேன். "9260" என்றான். நூற்றுக்கு 0.6 பங்கு கரியும் சுமார் 2 பங்கு சிலிக்கானும் கலந்த ஸ்பிரிங் எஃகு. நம் கொல்லர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பார்களே, அந்த இனம். பழைய ஜப்பானிய முறையில் அலகின் முதுகுப் பக்கம் களிமண்ணைக் கெட்டியாகவும் கூர்ப் பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள ஓரம் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து சற்று இளக்கமாக நிற்கும். இரண்டும் சேருமிடத்தில் மேகம்போல் ஒரு வெண்கோடு தெரியும். மலிவு வாள்களில் அந்தக் கோட்டை அமிலம் வைத்து வரைந்துவிடுகிறார்களாம். இவன் வாளில் கோடே இல்லை. "ஏன்டா?" என்றேன். "களிமண் பூசின வாளைக் கோணலா வீசினா வளைஞ்சு அப்படியே நின்னுடும் ஆயா. இது திரும்பி நிமிரும். நான் இன்னும் கத்துக்கறவன்தானே?" என்றான். அந்தப் பதிலுக்கே பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி முதுகு நெடுகப் பார்த்தேன். முறுக்கல் இல்லை. உறையைவிட்டு எடுக்கும்போது தானாக விழவும் இல்லை, இழுத்துப் பறிக்கவும் வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கூரில் வைத்தான். பிசிறில்லாமல் அறுந்தது. விரலின்மேல் கிடத்தி எடை நடுவைப் பார்த்தோம். கைக்காப்பிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி நின்றது. ஐந்தாம் வகுப்பில் அடிக்கோலை விரலில் நிறுத்திக் காட்டுவேனே, அதே பாடம். நடுப்புள்ளி நுனிப்பக்கம் போகப் போக வெட்டுக்கு வலு கிடைக்கும், நிறுத்துவதற்குக் கை வலிக்கும்.

பிறகு பிடிக்கு வந்தேன். அங்கேதான் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. மேலே தோல் வார் சுற்றியிருந்தது. நகத்தால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. ஒவ்வொரு குறுக்கும் மாறி மாறிச் சரியாக விழுந்திருந்தது. வாரின் இடுக்கில் வெள்ளையாக மணி மணியாக ஏதோ தெரிந்தது. திருக்கை மீனின் தோல்! தோல் ஊரில் பிறந்து தோல் வாசனையிலேயே வளர்ந்த எனக்கு, வாள் பிடிக்குள்ளும் ஒரு தோல் உட்கார்ந்திருப்பது வேடிக்கையாக இருந்தது. அதை மரத்தைச் சுற்றி முழுதாகப் போர்த்தினால் மரத்துக்குப் பலம். மலிவில் இரண்டு பக்கமும் துண்டாக ஒட்டுவார்கள், இன்னும் மலிவில் பிளாஸ்டிக். இதில் துண்டுதான் ஒட்டியிருந்தது.

"அவ்ளோதானே ஆயா? நல்ல வாள்தானே?" என்றான்.

நான் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ரொம்பச் சின்னதாக. மறுபடி ஆட்டினேன். மறுபடி 'டக்'.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

இதை நான் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளுக்கே பாதிதான் தெரியும். 1970-இல் நான் ஆறாம் வகுப்பு. அப்பா ஒரு டேனரியில் தோலின் சவ்வைச் சீவும் வேலை. அப்போது அதெல்லாம் கை வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைச் சாய்வான உருண்டை மரத்தின்மேல் போட்டு, வயிற்றால் அழுத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் கீழ்நோக்கித் தள்ளித் தள்ளிச் சீவ வேண்டும். தோலும் வழுக்கும், கையும் வழுக்கும். ஒருநாள் மத்தியானம் தூக்கில் சோறு கொண்டுபோனேன். அப்பா கத்தியை மரத்தின்மேல் வைத்தபோது இடது பிடி 'டக்' என்றது. அப்பா உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே செருகிக்கொண்டார். நான் பார்த்தேன். "அப்பா, அது ஆடுது" என்று சொல்ல வாய்வரை வந்தது. மேஸ்திரி பக்கத்தில் நின்று தோலை எண்ணிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் முன்னால் சின்னப் பெண் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, சோற்றை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பிடி கழன்றது. அப்பாவின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

"புதுசா சாணை பிடிச்ச கத்தி, அதான்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அப்பா மட்டும், "கூர் வெட்டல. பிடிதான் வெட்டிச்சு" என்றார். அதற்குப்பிறகு தோல் காயவைக்கும் வேலைதான் கிடைத்தது, பாதிக் கூலி. அம்மா பீடி சுற்றினார். அந்தப் பீடிக் காசில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

இதைப் பேரனிடம் அந்த மேசையில் வைத்தே சொன்னேன். மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். யாரும் பேசவில்லை. பிறகு அவனே எழுந்துபோய் ஒரு சின்னப் பித்தளைச் சுத்தி கொண்டுவந்தான்.

ஜப்பானிய வாளின் அலகைப் பிடியோடு பூட்டி வைத்திருப்பது மூங்கில் ஆணி. 'மெக்குகி' என்கிறார்கள். சில வாள்களில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. பிடிக்கும் அலகின் வாலுக்கும் குறுக்கே துளைபோட்டுச் செருகியிருக்கும். இரும்பு வைக்காமல் ஏன் மூங்கில்? மூங்கிலுக்கு நெடுக நார். ஓங்கி அடி விழுந்தாலும் படக்கென்று ஒடியாது, நார் நாராகப் பிரிந்துகொண்டே கொஞ்சம் தாங்கும். அதற்குள் நாம் கவனித்துவிடலாம். ஒரு கிலோ இரும்பு காற்றில் வீசப்படும்போது அது பறந்துபோகாமல் காப்பது நம் சுண்டுவிரலைவிட மெல்லிய அந்த மூங்கில்தான்.

பேரன் சுத்தியால் தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கட்டைவிரலால் அழுத்தினான், ஆணி வெளியே வந்துவிட்டது. அங்கேயே அவன் முகம் மாறிற்று. பிடியைக் கழற்றினோம். அலகின் வால் நன்றாக இருந்தது. அகலமாக, பிடியின் முக்கால் நீளத்துக்குப் போயிருந்தது. சுவரில் அழகுக்கு மாட்டும் வாள்களில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து வாலாக்கிவிடுவார்கள், இது அப்படியில்லை. ஆனால் பிடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஆணித்துளையிலிருந்து கைக்காப்புப் பக்கமாக மரத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல்.

"இந்தச் சனிக்கிழமை வெட்டு வகுப்பு இருக்கு ஆயா. பிரெண்ட்ஸ் எல்லாம் வராங்க" என்றான், குரல் இறங்கி.

"அலகுக்கு நூத்துக்குத் தொண்ணூறு. பிடிக்குப் பூஜ்யம். ரெண்டையும் கூட்டிச் சராசரி போட முடியாதுப்பா" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை வாளை எடுத்துப்போய் அவன் ஆசானிடம் காட்டினான். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மரவாளைக் கையில் கொடுத்தாராம். விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினான். ஐந்து வாரம் கழித்து வேறு பிடி வந்தது. இந்த முறை நான் கேட்காமலே அவன் என்முன் வைத்து ஆட்டிக் காட்டினான். சத்தமில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனான். முதல் வீச்சில் பாய் அறுபடாமல் முளையோடு சாய்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இரண்டாவது வீச்சில் ஈரப்பாய் சத்தமே இல்லாமல் இரண்டாயிற்று. எல்லாரும் கைதட்டும்போது அவன் வெட்டுப்பட்ட பாயைப் பார்க்கவில்லை. வாளைத் தாழ்த்தி, கட்டைவிரலால் அந்த மூங்கில் ஆணியை அழுத்திப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளுக்கு இன்னமும் பிடிக்கவில்லை. வாள் பூட்டிய பெட்டியில்தான் இருக்கிறது, சாவி அவளிடம். அதுவும் சரிதான்.

படம் பார்த்துவிட்டு "நானும் ஒண்ணு வாங்கவா டீச்சர்?" என்று கேட்ட பையன்களுக்கு: நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள வாள் அந்தச் சட்டத்துக்குள் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்குத்தான் விலக்கு. ஆசை வந்தால் முதலில் ஒரு நல்ல சிலம்ப ஆசானைத் தேடிப் போங்கள்.

என்னிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சிலர் மேஸ்திரி, சூப்பர்வைசர். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதையாவது தொட்டு அது 'டக்' என்றால், பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லிவிடுங்கள். உங்களிடம் ஒரு சின்னப்பிள்ளை வந்து சொன்னால், எண்ணிக்கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

ஊர் வந்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டு அரிவாள்மனையை ஆட்டிப் பார்த்தேன். ஆடிற்று. தச்சரிடம் கொடுத்து ஆப்பு வைத்து வாங்கிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இன்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்