டேங்கின் அடியில் தங்கிய நீர்

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறதா? தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய வண்டி; விற்க மனமில்லை, பேண நேரமில்லை என்ற நிலையில் அது தூசி படிந்து கிடக்கிறதா? அப்படியானால் இதைச் சற்றுப் பொறுமையோடு படியுங்கள். நான் பட்ட பின் அறிந்ததை நீங்கள் படாமலே அறிந்துகொள்ளலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் குன்றாண்டார்கோவில். வானம் பார்த்த செம்மண் பூமி. குன்றைக் குடைந்தெடுத்த பழம்பெரும் கோயிலும், குதிரைகள் பூட்டிய தேர் போன்ற கல் மண்டபமும் ஊரின் அடையாளங்கள். என் அத்தா அந்த மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம், "கல் குதிரைக்குத் தீனி வேண்டாம், நம்ம குதிரைக்கு வேணும்" என்று சிரித்துக்கொண்டே பெட்ரோல் டேங்கைத் தட்டுவார்கள்.

அத்தாவின் குதிரை ஒரு பழைய புல்லட். 1950-களில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய அந்த வண்டி வரிசையில் பிறந்த ஒன்றை, இரண்டாம் கையாக வாங்கினார்கள். பின்புறம் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிள்ளுக்கோட்டை, அண்டக்குளம் என்று ஊர் ஊராகச் சென்று விற்றார்கள். எங்கள் படிப்பும் என் தங்கையின் திருமணமும் அந்தச் சக்கரங்களின் மேல்தான் உருண்டு வந்தன.

அத்தா மறைந்த பிறகு வண்டி என் பொறுப்புக்கு வந்தது. பொறுப்பு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொல்வதும், அம்மா பதில் பேசாமல் எழுந்து போவதும் வீட்டில் வழக்கமாயிற்று. பெட்ரோல் விலை லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால், ஒரு லிட்டருக்கு மேல் நான் ஊற்றியதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் ஒழுகும் தகரக் கூரையின் கீழ் அது நின்றது.

கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. வாசலில்தான் வண்டி நிற்கிறதே என்ற துணிச்சலில், 108-ஐ அழைக்காமல் அம்மாவைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கீரனூரை நோக்கிப் புறப்பட்டேன். மூன்று கிலோமீட்டர் கடந்ததும் என்ஜின் இருமியது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று எண்ணி, டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன். சற்று தூரம் ஓடியது. பிறகு அடியோடு நின்றது. கிக்கரை உதைத்தேன், உதைத்தேன், கால் மரத்துப்போகும் வரை உதைத்தேன். என்ஜின் சத்தம் ஓய்ந்த அந்த இருட்டில் எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் நெஞ்சிலிருந்து எழுந்த அந்தக் கீச்சொலி.

அப்போதுதான் 108-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள், காய்கறி ஏற்றிச் சென்ற சிறு வண்டிக்காரர் ஒருவர் தாமாகவே நிறுத்தி, அம்மாவை ஏற்றிக்கொண்டார். வழியில் ஆம்புலன்ஸ் எதிர்ப்பட, அம்மா அதில் மாற்றப்பட்டார்கள். ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திய பிறகே எனக்கும் மூச்சு வந்தது. அம்மா பிழைத்தார்கள். ஆனால் அந்த இருபது நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள், அத்தாவுக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் மூன்று கேள்விகள் கேட்டார்.

"வண்டி மழையில நின்னுச்சா தம்பி?"

"கூரை ஒழுகும்."

"டேங்குல எவ்வளவு இருந்துச்சு?"

"ஒரு லிட்டருக்கும் குறைவு."

"நின்னதும் என்ன செஞ்சீங்க?"

"ரிசர்வுக்குத் திருப்பினேன்."

அவர் தலையை ஆட்டினார். டேங்க் மூடியைக் கழற்றிக் காட்டினார். அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்தார். சிறிது நேரம் அசையாமல் வைத்தார். மேலே பெட்ரோல், கீழே தனியாக ஒரு கலங்கல் நீர், அதனடியில் துருப்பொடி. என் அறியாமை முழுவதும் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது!

நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே டேங்கின் அடியில் தங்கும். டேப் சாதாரண நிலையில் இருக்கும்போது உயரமான குழாயின் வழியே பெட்ரோலை எடுக்கிறது. ரிசர்வுக்குத் திருப்பினால் அடிமட்டத்திலிருந்து எடுக்கிறது. அடிமட்டத்தில் இருந்ததோ நான் பல மாதங்களாகச் சேர்த்து வைத்த நீர். ஆபத்துக்கு உதவும் என்று நான் திருப்பிய அந்தக் குமிழே வண்டியை நிறுத்தியிருக்கிறது!

இன்று இந்தக் கவனம் முன்னிலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை தொடங்கியது; அது இப்போது எங்கும் பரவிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. சிறிதளவு நீரானால் கரைத்துக்கொள்ளும். எல்லை மீறினால், அந்த நீரோடு தானும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அது நாளடைவில் இளகவும் வெடிக்கவும் செய்யலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இருந்த இடத்தில் மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. பழைய வண்டியின் கார்புரேட்டருக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தெரியாது. நாம்தான் அதன் குறிப்பறிந்து நடக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் எனக்குக் கற்பித்த குறிப்புகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

வண்டி சில கிலோமீட்டர் ஓடிவிட்டு நின்று, சற்று நேரம் கழித்துத் தானே கிளம்புகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் ஒலி கேட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது.

சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தவுடன் அணைகிறதா? சிறிய ஜெட்டான பைலட் ஜெட்டில் அழுக்கு இருக்கக்கூடும். மெதுவாக ஓடுகையில் நன்றாக இருந்து, ஆக்சிலரேட்டரை முறுக்கினால் திணறுகிறதா? மெயின் ஜெட்டையும் பெட்ரோல் வரும் வழியையும் பாருங்கள். கார்புரேட்டர் நிரம்பி வழிகிறதா? மிதவையில் ஓட்டை விழுந்திருக்கலாம். அல்லது அதன் ஊசி சரியாக அமரவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமாயின் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது ஏர் ஃபில்டரில் நம் ஊர்ச் செம்மண் தூசி அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ ரப்பர் வெடிப்பின் வழியே காற்று புகுகிறது.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பியை நுழைக்காதீர்கள். அது மென்மையான பித்தளை. முடியளவு துளை பெரிதானாலும் கலவையின் அளவு கெட்டுவிடும். காற்றடித்து ஊதுங்கள். எதைக் கழற்றுவதானாலும், என்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் பீடியும் இல்லாத இடத்தில் கழற்றுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

அன்று அவர் செய்த வேலை என்ன தெரியுமா? டேங்கை முழுவதும் வடித்துக் கழுவினார், ஜெட்டுகளை ஊதினார், ஒரு வாஷரும் ஒரு பெட்ரோல் குழாயும் மாற்றினார். அவ்வளவுதான். இரண்டாம் உதையில் புல்லட் தன் பழைய குரலில் பேசியது.

வீட்டு வாசலில் அந்த ஒலி கேட்டு அம்மா வெளியே வந்தார்கள். நான் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. டேங்கின் மேல் கையை வைத்தபடி, "உங்க அத்தா ராத்திரி டேப்பை மூடாம, மூடியைத் துடைக்காம படுக்க மாட்டாக. மழைக்கு முன்னாடி டேங்கை நிரப்பிப்புடுவாக. நான் கேட்டா, காலி இடம் இருந்தாத்தான் தண்ணி சேரும், துரு பிடிக்கும்னு சொல்லுவாக" என்றார்கள். இந்த விவரம் இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான் கேட்டதில்லை!

வாசகப் பெருமக்களே! அவசர வேளையில் நோயாளியைப் பழைய வண்டியில் ஏற்றாதீர்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். வண்டியைப் பொறுத்தவரை, ஒரு மாதத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் டேப்பை மூடிக் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். நாளைக் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, டேங்க் மூடியின் வாஷரைத் திருப்பிப் பாருங்கள். அத்தோடு, அந்த வண்டியை ஓட்டியவர் அதை எப்படிப் பேணினார் என்று, அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புல்லட் இப்போது விற்பனைக்கு இல்லை.