நீர்வழியில் ஒரு பகல்

இங்கிலாந்து என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை லண்டன் மாநகரும் அரண்மனையும்தாம். ஆனால், அந்நாட்டின் வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் நடுவே மனிதர் வெட்டிய கால்வாய்கள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும் பீங்கானும் அவற்றின் வழியே போயின. நார்த்தாம்ப்டன் நகருக்கு அருகே வசிக்கும் என் தங்கை குடும்பத்தாரோடு, பள்ளி விடுமுறையில், ஒரு பகல் அப்படியொரு கால்வாயில் சென்று வந்தேன்.

ப்ளிஸ்வொர்த் என்ற ஊருக்கு வடக்கே, கிராண்ட் யூனியன் கால்வாயில் படகு ஏறினோம். இவ்வகைப் படகின் அகலம் ஏறக்குறைய ஏழடிதான். நீளமோ சிலவற்றில் எழுபது அடி! மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்தார். கரையில் நாயோடு நடந்த முதியவர் ஒருவர் எங்களுக்குக் கையசைத்துவிட்டு, எங்களை முந்திக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் குன்றின் அடியில் ஒரு குகை வாய் தெரிந்தது. 1805-இல் திறக்கப்பட்ட ப்ளிஸ்வொர்த் சுரங்கம் அது. நீளம் 2.8 கிலோமீட்டர். உள்ளே கும்மிருட்டு, மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மறுபக்க வெளிச்சத்துக்கு வர அரை மணிக்கு மேல் ஆயிற்று. இன்று படகுக்கு இயந்திரம் இருக்கிறது. அன்று கரையில் நடந்த குதிரையே அதை இழுத்தது. சுரங்கத்துள் குதிரைக்குப் பாதை இல்லை. அதைக் குன்றின் மேல் ஓட்டிச் செல்வார்கள். ஆட்கள் படகில் பலகை போட்டு மல்லாந்து படுத்து, இருபுறச் சுவரையும் காலால் உதைத்து உதைத்தே படகை அக்கரை சேர்ப்பார்கள். மண்வெட்டியும் கடப்பாறையும் வெடிமருந்தும் கொண்டு இதைக் குடைந்த கூலியாட்களுக்கு 'நேவி' என்ற பொதுப்பெயர் மட்டுமே மிஞ்சியது.

சுரங்கம் தாண்டினால் ஸ்டோக் ப்ரூயர்ன். அங்கே கால்வாய் ஏழு 'லாக்'குகளில் படிப்படியாகக் கீழிறங்குகிறது. முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டி போன்றது லாக். கீழிருந்து வரும் படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, மேல் நீரைத் திறந்துவிட்டால் படகு மெல்ல உயர்கிறது. தங்கை மகன் உற்சாகமாக ஓடிப்போய் மேல்கதவைத் தள்ளினான்.

"மாமா, அசையவே மாட்டேங்குது!"

இருபுற நீரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் அந்தக் கதவு திறக்காது. மட்டம் சமமானதும் சிறுவன் தள்ளியே திறந்தது.

கரையோரத்தில் 1963-இல் தொடங்கிய கால்வாய் அருங்காட்சியகம் இருக்கிறது. படகுக் குடும்பங்கள் வாழ்ந்த அறை எப்படி இருந்தது என்பதை அங்கே கண்டேன். பத்தடிக்கு ஏழடி இருக்கும். அதற்குள்ளேயே அடுப்பு, அலமாரி, மடக்குக் கட்டில். கதவில் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் தீட்டி, பித்தளையைப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்கள். லயத்து வாசலில் கோலம் போடும் நம் பெண்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

ரயில் வந்தபின் சரக்குக் கூலி குறைந்தது. ஆள் வைத்துக் கட்டுப்படியாகாத படகோட்டி, மனைவி மக்களையே படகில் ஏற்றிக்கொண்டான். சுக்கான் பிடித்தாள் மனைவி, குதிரை ஓட்டியது பிள்ளை, கூலி ஒருவனுக்கே. சிறு வயதில் செங்கற்சூளையில் பாடுபட்ட ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இப்பிள்ளைகளுக்காக ஓயாமல் போராடினார். 1877-இலும் 1884-இலும் சட்டங்கள் வந்தன. ஆனால் படகு ஓரிடத்தில் நிற்க வேண்டுமே! சரக்கு இறங்கும் ஒரு நாள் இந்த ஊர்ப் பள்ளி; மறுவாரம் வேறு ஊர். எங்கு போனாலும் முதல் பாடமே. எழுத்தறியாமலே முதுமை அடைந்தவர் பலர். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. வழியிலிருந்த ஒவ்வொரு பாலமும் லாக்கும் மனப்பாடம்!

இதைப் படித்தபோது, என் வகுப்பில் பாதியில் காலியான நாற்காலிகளை எண்ணிக்கொண்டேன். தோட்டம் கைமாறி, வேலை மாறி, பட்டணம் போகும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. பெற்றோர்களே, வீடு மாற்றுவதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். ஆனால் சட்டி பானைகளைக் கட்டும் முன்பே பள்ளிக்கு வந்து மாற்றுக் கடிதத்தைக் கேளுங்கள். புது இடத்தில் முதல் வாரத்திலேயே பிள்ளையை வகுப்பில் உட்கார வையுங்கள்.