உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்?

நாம் எல்லோரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் ஊருக்கு ஊர் சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. வன்னியிலிருந்து வந்து கலகெதரவில் குடியிருக்கும் எனக்கு இது அன்றாட அனுபவம். கண்டியிலிருந்து குருநாகல், புத்தளம் நோக்கிப் போகும் பாதையில் உள்ள ஊர் இது. கடைத்தெருவில் நின்றால் சிங்களம், முஸ்லிம்களின் தமிழ், மலையகத் தமிழ் எல்லாம் ஒன்றாகக் காதில் விழும்.

'தாத்தா' என்ற சொல்லையே பாருங்கள். மலையகப் பிள்ளைக்கு அது அம்மாவின் அல்லது அப்பாவின் தகப்பன். முஸ்லிம் பிள்ளைக்கு மூத்த சகோதரி. சிங்களப் பிள்ளைக்கோ அப்பா. மூவரும் ஒரே கடை வாசலில் நின்று 'தாத்தா' என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

ஒருநாள் என் மகள், "ரீச்சர் பேசிப்போட்டா" என்று அழுதுகொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "டீச்சர் பேசினா நல்லதுதானே, அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. சாதாரணமாக உரையாடுவது 'கதைப்பது'. அதுபோல நாங்கள் 'வெளிக்கிட்டாச்சோ?' என்றால் புறப்பட்டாயிற்றா என்று அர்த்தம். மலையகத்தில் 'வெளிக்குப் போவது' மலசலகூடத்துக்குப் போவது. சிரிப்பு வராமல் என்ன செய்யும்? தையல் வகுப்புக்கு வந்த மட்டக்களப்புச் சகோதரி 'மறுகா வாறன்' என்பார். அது 'பிறகு வருகிறேன்' என்பது. எங்கள் காதுக்கு 'மறுபடி' போல் கேட்கும்.

இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்பானிய மொழியில் 'குவாகுவா' என்றால் கியூபாவில் பஸ். சிலி நாட்டில் கைக்குழந்தை.

ஆனால் எல்லாம் சிரிப்போடு முடிவதில்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பேச்சைக் கேலி செய்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். 'தோட்டக்காட்டார்' என்ற சொல் அவர்களை எவ்வளவு சுட்டிருக்கும்! போர்க்காலத்தில் கொழும்புக்கும் கண்டிக்கும் வந்த வடக்குப் பெண்கள் பஸ்ஸில் வாய் திறக்கவே பயந்தார்கள். பேச்சே ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும். இன்றும் வெளியில் போனால் குரலைத் தாழ்த்திக் கதைக்கும் பெண்களை நான் அறிவேன்.

ஒருமுறை ஆஸ்பத்திரி ஒன்றில், "எனக்கு ஒரு மாதமா வருத்தம்" என்றேன். மொழிபெயர்த்து உதவியவர் புத்தகத்தில் தமிழ் படித்தவர். "கவலைப்படாதீங்க அம்மா, எல்லாம் சரியாகும்" என்றார்! எங்களுக்கு வருத்தம் என்பது நோய். அவருக்கு அது மனக்கவலை. வயிற்றில் கையை வைத்துக் காட்டி, "இஞ்ச நோகுது, வலிக்குது" என்று இரண்டு சொல்லையும் சொன்ன பிறகுதான் டொக்டருக்கு விஷயம் போனது.

ஆகவே சகோதரிகளே, ஆஸ்பத்திரியில் எந்த இடத்தில், எத்தனை நாளாக, எப்படி நோகிறது என்று விரிவாகச் சொல்லுங்கள். பொலிசிலோ கந்தோரிலோ உங்கள் வாக்குமூலத்தை எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கையொப்பம் வையுங்கள். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. கேட்பது நமது உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடும் காணியும் பறிபோனபோதும் நம்மோடு கூடவே வந்தது நமது பேச்சு. அதை ஒளிக்கவும் வேண்டாம், மற்றவர் பேச்சைப் பழிக்கவும் வேண்டாம். புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால், "உங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். கலகெதரவில் எனக்குக் கிடைத்த சிநேகிதிகள் பலர் அந்த ஒரு கேள்வியால் கிடைத்தவர்கள்தான்.