கல்லாய்ச் சமைந்த காலம்

விழுப்புரம் ஜில்லாவில் மயிலத்துக்கு அப்பாலுள்ள திருவக்கரை என்றதும், வக்கிரகாளியம்மனும் தேவாரப் பாடல் பெற்ற சந்திரமௌலீசுவரருமே நம் நினைவுக்கு வருவர். தரிசனம் செய்து திரும்புகிறவர்களில் சிலரே சற்று அப்பால் சென்று, செம்மண் மேட்டில் கிடக்கும் கல் மரங்களைக் காண்கிறார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ வெட்டிச் சாய்த்த அடிமரங்கள் என்றே தோன்றும். கணுவும் வரியும் அப்படியே இருக்கின்றன. கை வைத்த பிறகே கல் என்று விளங்குகிறது. விஷ்ணுவால் வதைக்கப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்பது ஊர் வழக்கு. பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னரா 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதினார். வேரும் கிளையும் காணப்படாமையால், பழைய வெள்ளமொன்றில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்பது விஞ்ஞானிகளின் முடிவு. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிகா சிறுகச் சிறுக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்!

இத்தகைய கணக்கு நமக்குப் புதிதன்று. ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டுகள். இம்மரங்கள் நான்கரைச் சதுர்யுகங்களுக்கு மேல் கண்டவை. பிரமனின் ஒரு பகலாகிய கல்பம் 432 கோடி ஆண்டுகள். விஞ்ஞானம் பூமிக்குக் கூறும் வயது சுமார் 454 கோடி. இந்தப் பொருத்தத்தைக் காட்டி நாம் பெருமையடித்துக்கொள்வது முறையன்று. இத்தனை பெரிய காலத்தினுள் தன் ஒரு நாளை வைத்துப் பார்க்கும் பழக்கத்தைச் சங்கல்பம் நமக்கு அளித்ததே, அதுவே பெரிது.

ஆனால் அதில் ஓர் அபாயமும் உண்டு. "கலி முற்றுகிறது, நாம் என்ன செய்வது?" என்று கை கட்டி நின்றுவிடலாம் அல்லவா?

தெற்கே நெய்வேலியில் புதைந்த தாவரங்கள் கல்லாகாமல் பழுப்பு நிலக்கரியாயின. 1956-ல் அங்கே நிறுவனம் ஏற்பட்டது. 1961-ல் நிலக்கரி வெளிப்பட்டது. அதனால் எத்தனையோ இல்லங்களில் விளக்கு எரிந்தது. அதை மறப்பது நன்றி கெட்டதனம். எனினும் யுக யுகமாய்ச் சேர்ந்ததை ஒரு தலைமுறை எரித்துவிடுகிறது. தொழில் யுகத்துக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காயிருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீங்காது.

2000-ஆம் ஆண்டில் பால் குருட்சன் என்ற விஞ்ஞானி, இக்காலத்துக்கு மனிதனின் பெயரையே சூட்டலாம் என்றார். 2024-ல் பூகர்ப்ப சாஸ்திரிகளின் சபை அதை ஏற்கவில்லை. பெயர் ஏற்கப்படாவிட்டாலும் செய்த வினை நிற்கிறது. வினையின் பயன் செய்தவனோடு முடிவதில்லை என்று காலங்காலமாய்ச் சொல்லி வந்தவர்கள் நாம். யுகங்கள் சுழலட்டும், நம் பேரக் குழந்தைகளுக்கு வேண்டிய காற்றை அந்தச் சுழற்சியின் தலையில் கட்டிவிட நமக்கு உரிமையில்லை.

திருவக்கரைக்குப் போகிறவர்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கல் மரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். ஆனால் ஒரு சில்லைக்கூடப் பெயர்த்து வர வேண்டாம்.