கண்ணாடி பீரோவில் இருக்கும் ஷீல்டு



தலைமை ஆசிரியர் அறையில் சாக்பீஸ் டப்பா எடுக்கப் போனவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடி பீரோவைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்று ஷீல்டு இருக்கிறது. மூன்றுமே பெண்கள் கால்பந்துக்கு வாங்கியது. கடைசி ஷீல்டில் 2005 என்று எழுதியிருக்கிறது. அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் போட்டோவில் வலது ஓரம் நிற்பது என் சித்தி.

இந்த வருஷம் குறுவட்டப் போட்டிக்கு ஆவடிக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் போகும்போதே பி.டி. சார், "நம்ம ஸ்கூல் பேருக்கு ஒரு மரியாதை இருக்கு, மறந்துடாதீங்க" என்றார். அது உண்மைதான். எதிர் டீம் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, "இவங்க ஷீல்டு வாங்கின ஸ்கூலாம்டி" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. முதல் இருபது நிமிஷம் அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கமே வரவில்லை. எல்லோரும் அவர்கள் கோலுக்கு முன்னாலேயே கும்பலாக நின்றார்கள். அப்புறம் ஒருத்தி தைரியமாக ஓடி வந்தாள். எங்களில் ஒருத்திக்கும் அவளைத் தடுக்கத் தெரியவில்லை. கோல்! அதோடு அவர்களுக்குப் பயம் விட்டுப்போச்சு. 3-0 என்று தோற்றோம். எங்கள் 2005 ஷீல்டு சரியாக இருபது நிமிஷம்தான் விளையாடியது.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொல்லி அழுதேன். சித்தி சிரித்தார். "எங்க காலத்துல காலைல ஆறரைக்கு இருபது பொண்ணுங்க வருவோம். பதினொரு பேர்ல இடம் கிடைக்க சண்டையே நடக்கும். நீங்க எத்தனை பேர்டி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர். அதிலும் கோல்கீப்பர் கபடி டீமிலிருந்து கடன் வாங்கியது.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் நாட்டு ஹாக்கியைப் பாருங்கள். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம். பிறகு 1964-இல் ஒன்று, 1980-இல் மாஸ்கோவில் ஒன்று. மொத்தம் எட்டு. மாஸ்கோவில் கேப்டன் நம் தமிழ்நாட்டுக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். இவ்வளவு இருந்தும் 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விளையாடத் தகுதியே கிடைக்கவில்லை. 2012-இல் லண்டனில் பன்னிரண்டு நாடுகளில் பன்னிரண்டாவது இடம். எட்டுத் தங்கம் வாங்கிய நாடு என்பதற்காக யாரும் ஒரு கோல் விட்டுக்கொடுக்கவில்லை. டோக்கியோவில் 2021-இல் வெண்கலம் வாங்கும் வரை 41 வருஷம் பழைய கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போ பழைய வெற்றிக்கு மதிப்பே இல்லையா? அப்படியும் சொல்ல முடியவில்லை. மணிப்பூர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை இருபது தடவைக்கு மேல் ஜெயித்திருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதிப் போட்டியில் நம் தமிழ்நாடு அக்காக்கள் அவர்களை 2-1 என்று ஜெயித்து முதல் முறையாகக் கோப்பை வாங்கினார்கள். அந்த டீமில் கடலூர் இந்துமதி அக்காவும் இருந்தார். அன்று மணிப்பூரின் பழைய கோப்பைகள் உதவவில்லை. ஆனால் அடுத்த போட்டியிலேயே மணிப்பூர் கோப்பையைத் திருப்பி வாங்கிவிட்டது! நாம் மறுபடி ஜெயிக்க 2023 ஆகிவிட்டது. அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்தோம். மணிப்பூரில் அக்கா ஆடுவதைப் பார்த்துத் தங்கை வருகிறாள், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளை வருகிறாள் என்று நினைக்கிறேன். அங்கே கோப்பை பீரோவுக்குள் தூங்கவில்லை. நம் பள்ளியில் 2005-க்குப் பிறகு அந்த வரிசை எங்கேயோ அறுந்துபோச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோற்று வந்த மறுநாள் அம்மா, "அடுத்த வருஷம் பத்தாவது. பந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். நான் எவ்வளவோ கெஞ்சியும் நடக்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது சார் அம்மாவை அந்த பீரோ பக்கம் கூட்டிப்போய் போட்டோவைக் காட்டினார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "இவ பத்தாவது வந்ததும் எங்கப்பா நிறுத்திட்டார் சார். மூணு நாள் சாப்பிடலை" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. சித்தி ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே ஸ்டூல் போட்டு ஷூவை இறக்கினார். "அரையாண்டு வரைக்கும்தான். மார்க் குறைஞ்சா மறுபடி பரண்தான்" என்றார். அந்த ஷீல்டு ஆவடியில் இருபது நிமிஷம் காப்பாற்றியது, என் வீட்டில் அரையாண்டு வரைக்கும்.

இப்போது எங்களுக்கு அவசரமாகத் தேவை ஆள்தான். ஆறாவது, ஏழாவது தங்கைகள் வந்தால் ரொம்ப நல்லது. காலை ஆறரை மணி, வேப்பமரம் பக்கம். மழைத்தண்ணீர் நிற்கும் பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதியில் ஆடுகிறோம். ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோல்கீப்பரைக் கபடி டீம் திருப்பிக் கேட்கிறார்கள், அதனால் உயரமானவர்கள் கண்டிப்பாக வரவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி
(ஜெர்சி எண் 7)