ஒரு பிக்ஸல் ஆழம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். முடியும். ஆனால் நாலைந்து தடவை காற்றைக் குத்துவீர்கள். நம் கண்கள் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இடது கண் பார்க்கிற உலகமும் வலது கண் பார்க்கிற உலகமும் துளி வேறு. அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டு மூளை 'இது கிட்டே, அது தள்ளி' என்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1838-ல் இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்து இதை நிரூபித்தார். ஃபோட்டோ எடுக்கும் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த வருஷம்தான் என்பதால், பாவம், கோட்டுப் படங்கள் வரைந்து சமாளித்தார். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்கப்போனவர்களுக்குத் தியேட்டரில் ஒரு கண்ணாடி கொடுத்து, வெளியே வரும்போது ஞாபகமாகப் பிடுங்கிக்கொண்டார்களே, அதற்கும் தத்துவம் இதேதான்.

இதையெல்லாம் கிளறியது என் அக்கா மகன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். படிக்கிற நேரம் போக (அது நிறையப் போகிறது) 'ஸெவியஸ்' என்கிற பழைய ஜப்பானிய வீடியோ கேமுக்கு ஒரு ரசிகனின் காணிக்கையாக, அதே சாயலில் சொந்தமாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தான். ஒரிஜினல் 1982-83 வாக்கில் நாம்கோ கம்பெனி வெளியிட்டது. மஸனோபு எண்டோ வடிவமைத்தது. பையன் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தையது. இதன்மேல் என்ன இத்தனை பிரேமை என்று கேட்டால், "அழகா இருக்கு மாமா" என்பான். அதற்குமேல் பதில் கிடையாது.

ரசிகர்கள் செய்யும் கேம்களில் ஒரு சங்கடம் உண்டு. விற்க முடியாது, சும்மா கொடுத்தாலும் நோட்டீஸ் வரலாம். 2016-ல் 'மெட்ராய்ட்-2' விளையாட்டைத் தனியாளாக ஆரம்பித்துப் பல வருஷம் உழைத்துப் புதுப்பித்த ஒருவர் அதை இலவசமாக வெளியிட்டார். நின்டெண்டோவின் ஆட்சேபம் உடனே வந்துவிட்டது. அதனால் நம்ம பையன் ஜாக்கிரதையாக விமானத்தின் பேர், எதிரிகளின் உருவம், இசை எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். மாற்றாதது ஒன்றே ஒன்று. அதுதான் விஷயம்.

ஸெவியஸில் இரண்டு தளங்கள். வானத்தில் பறக்கும் எதிரிகளுக்குத் துப்பாக்கி. தரையில் இருக்கும் பீரங்கிகளுக்குக் குண்டு. துப்பாக்கி தரையைத் தொடாது, குண்டு வானத்தைத் தொடாது. விமானத்துக்குச் சற்று முன்னால் ஒரு குறி நகர்ந்துகொண்டே இருக்கும், குண்டு விழப்போகும் இடத்தைக் காட்ட. அதாவது தட்டையான திரையில், மேலே கீழே என்று ஓர் உயரம் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. இதை ஸ்டீரியோஸ்கோப்பிக்காக, நிஜமான ஆழத்தோடு காட்டினால் என்ன என்று ஒருநாள் ராத்திரி அவனுக்குத் தோன்றிவிட்டது. புது ஐடியா இல்லை. நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்காக 2011-லேயே ஸெவியஸை இப்படி மாற்றி வெளியிட்டிருக்கிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். "அது அவங்க பண்ணது மாமா" என்றான்.

செய்முறை கேட்க சுலபம். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை வரையவேண்டும், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. தரையை மட்டும் ஒன்றில் கொஞ்சம் இடது பக்கமும் மற்றதில் கொஞ்சம் வலது பக்கமும் தள்ளிவிட்டால் அது திரைக்குப் பின்னால் இறங்கிவிடும். இடது கண் படத்தைச் சிவப்பிலும் வலது கண் படத்தைப் பச்சை கலந்த நீலத்திலும் அச்சடித்து, அதே நிறங்களில் அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் ஆயிற்று. இதற்கு ஆனாக்ளிஃப் என்று பெயர். 1850-களிலிருந்து இருக்கிற வித்தை.

ஆனால் எவ்வளவு தள்ளுவது? பழைய ஆர்க்கேட் திரையின் அகலமே 224 புள்ளிகள். ஒரு புள்ளி நகர்த்தினாலே தரை ஒரு படி இறங்குகிறது. மூன்று புள்ளிக்குமேல் போனால் தலைவலி. ஆக மொத்தம் கையில் இருப்பது மூன்றே மூன்று ஆழங்கள். இன்றைய மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியும் பெரிய சதுரமாகத் தெரிவதால், கால் புள்ளி, அரைப் புள்ளி என்று நகர்த்த முடியும்தான். "அது ரெட்ரோ இல்ல மாமா, ஏமாத்து வேலை" என்று மறுத்துவிட்டான். இந்த வயசில் கொள்கை அவசியம்.

விமானத்தைத் திரைக்கு வெளியே, நம் மூக்குக்கு நேராகக் கொண்டுவரவும் முயற்சி செய்தான். நடுவில் இருக்கும்வரை பிரமாதம். ஓரத்துக்குப் போனதும், முன்னால் மிதக்கவேண்டிய விமானத்தைப் பின்னால் இருக்கிற திரையின் விளிம்பு வெட்டுகிறது. முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பது மறைக்காது என்பது மூளைக்குப் பிறவியிலேயே தெரியும் போலிருக்கிறது; ஒத்துக்கொள்ள மறுக்கிறது. கடைசியில் விமானத்தைத் திரை மட்டத்திலேயே விட்டுவிட்டு, தரையை உள்ளே இறக்கினான். குண்டுக் குறியையும் கூடவே தரைக்கு இறக்கவேண்டியதாயிற்று. பார்த்தேன். கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பது போல, கீழே காடும் ஆறும் ஊர்ந்துகொண்டிருந்தன. சொல்லப்போனால் வெறும் மூன்று புள்ளி. ஆனாலும் ஒரு விநாடி மூச்சு நின்றது நிஜம்.

அப்புறம் அவன் தங்கச்சி வந்து உட்கார்ந்தாள். பதினொரு வயது. கண்ணாடியை மாட்டி ஐந்து நிமிஷம் ஆடினாள். பன்னிரண்டு தடவை செத்துப்போனாள்.

"எல்லாம் நீலமா இருக்கு. ஆழம் எங்கேண்ணா?"

"நல்லா பாருடீ, தரை கீழ போகல?"

"போகல. யார் என்னைச் சுடறாங்கன்னே தெரியல."

அவளுக்கு இடது கண் சோம்பல் கண். டாக்டர்கள் ஆம்ப்ளியோபியா என்பார்கள். கண்ணில் கோளாறு எதுவும் தெரியாது. ஆனால் சின்ன வயசில் மூளை அந்தக் கண்ணின் சேதியை வாங்க மறுத்து, நல்ல கண்ணை மட்டுமே நம்பப் பழகிவிடுகிறது. ஏழு வயதில் கண்டுபிடித்து, நல்ல கண்ணுக்குப் பட்டி ஒட்டி மாசக்கணக்கில் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். பார்வை ஓரளவு தேறியது. இரண்டும் சேர்ந்து பார்க்கிற வித்தை மட்டும் வரவில்லை. எதிரியின் குண்டுகள் சிவப்பு. அவள் நம்புகிற வலது கண்ணுக்கு முன்னால் நீல ஃபில்டர். அதன் வழியாகச் சிவப்பு கறுப்பாகத் தெரியும், அடர்ந்த காட்டுக்குமேல் அதுவும் தெரியாது. இடது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த குண்டுகளை மூளை கிழித்துப் போட்டுவிட்டது.

பையன் ராத்திரியே குண்டுகளை வெளிர் மஞ்சளாக்கினான். ஆனால் அதோடு விடவில்லை. எங்கேயோ படித்துவிட்டு மறுநாள் போன் பண்ணினான். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஹெஸ் குழுவினர் 2013-ல் 'டெட்ரிஸ்' வைத்துச் செய்த சோதனை. விழுகிற கட்டைகள் ஒரு கண்ணுக்கு, அடியில் அடுக்கியவை மறு கண்ணுக்கு. இரண்டு கண்ணும் ஒத்துழைத்தால்தான் ஆடவே முடியும். பதினெட்டுப் பெரியவர்கள், தினம் ஒரு மணி நேரம், இரண்டு வாரம். அப்படி ஆடியவர்களுக்குச் சோம்பல் கண்ணில் முன்னேற்றம்.

"நம்ம கேம்லயும் குண்டை மட்டும் அவ லெஃப்ட் கண்ணுக்குக் காட்டினா என்ன மாமா?"

குரலில் இருந்தது புரோக்ராமரின் உற்சாகம் மட்டுமில்லை. நியாயமான ஆசைதான். சூசன் பேரி என்ற நரம்பியல் பேராசிரியை நாற்பத்தெட்டு வயதில், பயிற்சியால் முதல்முதலாக ஆழம் பார்த்தார். காரின் ஸ்டியரிங் வீல் தனியாக மிதந்து முன்னால் வந்ததாம். ஆலிவர் ஸாக்ஸ் 2006-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அக்கா பெண்ணை அவள் வழக்கமாகப் போகும் கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். நானும் போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிற்பாடு குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய சோதனைகளில் இந்த மாதிரி விளையாட்டுகள், பழைய பட்டியை ஜெயிக்கவில்லை என்றார். கண்காணிப்பு இல்லாமல் மூளையின் பூட்டை நெம்பினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்து அப்படியே நின்றுவிடும் ஆபத்தும் உண்டாம். "பயிற்சி குடுக்கணும்னா இங்க குடுக்கறேன். வீட்ல அவ விளையாடட்டும், மருந்துன்னு சொல்லாதீங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் பேசவில்லை. பெண் மட்டும் ஜன்னலில்லாத ஆட்டோவின் ஓரத்தில் தலையை நீட்டி, பின்னால் ஓடும் மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே இருப்பது வேகமாக ஓடும், தள்ளி இருப்பது மெதுவாக. இதற்கு ஒரு கண் போதும்.

அதை அவனிடம் சொன்னபோது அவனுக்கு ஏற்கெனவே வேறொன்று தோன்றியிருந்தது. 1982-ல் சேகா வெளியிட்ட 'ஸாக்ஸன்' விளையாட்டில் விமானத்துக்குக் கீழே நிழல் விழும். உயரப் போனால் நிழல் விலகும், இறங்கினால் ஒட்டிக்கொள்ளும். அட்டைக் கண்ணாடி தேவையில்லை. ஒரே வாரத்தில் எல்லா விமானங்களுக்கும் தரையில் நிழல் போட்டான். தரைக்கும் விமானத்துக்கும் நடுவே, வேறொரு வேகத்தில் நகரும் மேகங்களையும் சேர்த்தான். இந்த வித்தைகள் கண்ணாடியோடு ஆடும்போதும் ஆழத்தைக் கூட்டின என்பது அவனே எதிர்பார்க்காதது.

மிச்சமிருந்தது மெனு. 3டிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும், சுத்தமாக அணைக்கவும் ஒரு விசை உண்டு. அதே மாதிரி வைத்து, பூஜ்யத்துக்கு 'ஒரு கண்' என்று பேர் போட்டிருந்தான்.

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு" என்றாள் தங்கச்சி.

'சாதா' என்று மாற்றினான். அதற்கும் முறைத்தாள். இப்போது முதலில் 'நிழல்', அதற்குக் கீழே 'கண்ணாடி' என்று இருக்கிறது. ஹை ஸ்கோர் பட்டியல் இரண்டுக்கும் ஒன்றே. போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தபோது முதல் மூன்று இடத்திலும் அவள் இனிஷியல். நாலாவது அவன். நான் பட்டியலில் இல்லை.