ஒரு வரி விடுபட்ட படம்

வக்கீல் நோட்டீஸ் இரண்டே பக்கம். அதைக் கொண்டுவந்த பையன் சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாகியிருக்கும் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. திண்டுக்கல் பக்கத்துக்காரன். நண்பர்களும் உறவுக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட, ஒரே வீட்டுக்குள் நடக்கும் பேய்க்கதை ஒன்றைப் படமாக எடுத்து முடித்திருந்தான். ஓடிடி தளம் ஒன்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் இந்த நோட்டீஸ்.

அவன் படத்தில் ஒரு காட்சி. இரவு நேரம், பாட்டி தனியாக உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. ஒரு மனிதர் கதவு, மேசை என்று அகப்பட்டதையெல்லாம் பலகையாக்கி ஜன்னல்களில் வைத்து ஆணி அடிக்கிறார். ஒரு நிமிஷம்கூட வராது. 1968-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் துண்டு அது. அந்தப் படத்தின் உரிமை தங்களுடையது, காட்சியை நீக்கி நஷ்டஈடு தரவேண்டும், தவறினால் தடையாணை கேட்டு நீதிமன்றம் போவோம் என்றது நோட்டீஸ். அனுப்பியவர்கள் பழைய வெளிநாட்டுப் படங்களைத் துப்புரவு செய்து, வண்ணம் சேர்த்து விற்கும் ஒரு நிறுவனத்தார். பெயர் வேண்டாம்.

"சார், அது ஃப்ரீ படம்னு எல்லாரும் சொன்னாங்க சார். நெட்லயே கிடக்குது."

"எல்லாரும்னா யாரு தம்பி? நெட்ல கிடக்கிறதெல்லாம் ஃப்ரீ ஆயிடாது. ஆனா இந்தப் படத்தோட கதை வேற. நீ பயப்படாம உட்காரு."

அந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். பதிப்புரிமை வழக்கு நடத்துகிற யாரும் என்றாவது ஒருநாள் அதைக் கேள்விப்பட்டே தீர வேண்டும்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது அது. பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு, 'இமேஜ் டென்' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் ஜார்ஜ் ரொமேரோ. திரைக்கதையில் அவரோடு ஜான் ரூஸோ. தயாரித்தவர்களே நடித்தார்கள். இடிப்பதாக இருந்த பழைய பண்ணை வீடு ஒன்று கிடைத்ததால் அதை இஷ்டம்போல உடைக்கவும் ஆணி அடிக்கவும் முடிந்தது. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். கதாநாயகன் டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படம் முழுக்க அந்த வீட்டில் நிதானம் இழக்காமல் யோசிப்பவர் அவர்தான். இரவெல்லாம் பிணங்களோடு போராடித் தப்பித்த அவரை, விடிந்ததும் காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டமே பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. படச்சுருளோடு நியூயார்க்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய கம்பெனிகள் கைவிரித்தன. முடிவை மாற்றினால் பார்க்கலாம் என்று ஒரு கம்பெனி சொன்னது. இவர்கள் மாற்றவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர்கள்மேல் தனி மதிப்பு.

கடைசியில் வால்டர் ரீட் என்ற விநியோக நிறுவனம் எடுத்துக்கொண்டது. அப்போது படத்தின் பெயர் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. அதைப் போன்ற பெயரில் இன்னொரு படம் ஏற்கெனவே இருந்ததால் பெயரை மாற்றினார்கள். பழைய டைட்டில் கார்டை எடுத்துவிட்டுப் புது கார்டு போட்டார்கள். உரிமைக் குறிப்பு இருந்தது பழைய கார்டில். புதியதில் அதை யாரும் சேர்க்கவில்லை. 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க் ஃபுல்டன் திரையரங்கில் படம் அப்படியே வெளியானது.

இன்று நம் ஊரில் அப்படி ஒரு வரி விட்டுப்போனால் உரிமைக்கு ஒன்றும் ஆகாது. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அமெரிக்காவில் அன்று நடப்பில் இருந்த 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியில்லை. உரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போயிற்று. 1978-இல் புதுச் சட்டம் வந்து கொஞ்சம் தளர்ந்தது. 1989-இல் அமெரிக்கா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தபோது குறிப்பு கட்டாயம் என்பதே போனது. இந்தப் படத்துக்கு அந்தத் தளர்வு எதுவும் உதவவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் விசித்திரம். பிரிண்ட் கையில் இருந்தவர்களெல்லாம் திரையிட்டார்கள். டிவி நிலையங்கள் நள்ளிரவில் ஒளிபரப்பின. கேசட் காலம் வந்ததும் கம்பெனிக்கு ஓர் அட்டைப்படம் போட்டு விற்றார்கள். 1981-இல் வந்த 'ஹாலோவீன் 2' படத்தின் ஆரம்பத்தில், ஒரு வீட்டு டிவியில் ஓடுவது இந்தப் படம்தான். வேறொரு படத்துக்குள் இருக்கும் டிவியில் ஓடுவதற்கு இதைவிட வசதியான படம் கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எழுந்து நடக்கும் பிணம், கடிபட்டவரும் அப்படியே ஆவது, தலையில் அடித்தால்தான் சாவது, வெளியே இருக்கும் பிணங்களைவிட உள்ளே அடைபட்ட மனிதர்கள் ஒருவரை ஒருவர் அழிப்பது எல்லாம் இங்கிருந்து கிளம்பி உலகம் சுற்றியவை. 2016-இல் நம் ஸோம்பி படமான 'மிருதன்' வந்தபோது தியேட்டரில் யாருக்கும் இந்த விதிமுறைகளை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவை மக்களுக்கு எப்போதோ பழகியிருந்தன.

இவ்வளவு பரவியும் எடுத்தவர்கள் கைக்கு வந்தது சொற்பம். இது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். படம் எல்லோருக்கும் கிடைத்தது நல்லதுதான். அதற்கான விலையை அந்தப் பத்துப் பேர் மட்டும் கொடுத்தார்கள்.

சரி, நோட்டீசுக்கு வருவோம். அமெரிக்காவில் உரிமை இல்லை என்பதால் இந்தியாவிலும் இல்லை என்று எழுதிவிட முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவர், என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'இந்தியச் சட்டத்தில் சம்பிரதாயம் எதுவும் தேவையில்லை. திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு உரிமை. ஆகவே 2028 முடியும்வரை இங்கே உரிமை உண்டு' என்பார். பன்னாட்டுப் பதிப்புரிமை ஆணை, 1999 ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் படைப்புக்கு அதன் மூல நாட்டில் உள்ள காலத்தைவிட இங்கே கூடுதல் காலம் கிடையாது என்பது அதன் ஏற்பாடு. அங்கே பூஜ்யம் என்றால் இங்கேயும் பூஜ்யம் என்பது என் வாதம். காலம் முடிந்து போன உரிமைக்குத்தான் அது பொருந்தும், குறிப்பு விடுபட்டுப் போன உரிமைக்குப் பொருந்தாது என்பது அவர் வாதமாக இருக்கும். இரு பக்கமும் சட்டம் பேசலாம். இளைஞன் ஒருவனின் முதல் படத்தைப் பணயமாக வைத்து அந்தப் பரீட்சையை எழுத எனக்கு மனமில்லை.

அதனால் வேறு கேள்வியைப் பிடித்தேன். உரிமை இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். யாருடையது? இமேஜ் டென்னுடையது, அல்லது அவர்களிடம் எழுத்துமூலம் வாங்கியவர்களுடையது. நம் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி உரிமை மாற்றம் கையெழுத்திட்ட ஆவணமாக இருக்க வேண்டும். அந்த ஆவணத்தைக் காட்டுங்கள் என்றேன். உரிமை இல்லை என்றால் யாருக்கும் இல்லை. உண்டு என்றால் அது உங்களுடையது அல்ல. பதில் நோட்டீசின் முதுகெலும்பு இந்த இரண்டு வரிதான்.

இனி அவர்களுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே: நாங்கள் துப்புரவு செய்த பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்ற வாதம். அது வெறும் வாதமில்லை, கவனமாகப் பார்க்க வேண்டியது. இந்தப் படத்துக்கு 1986-லேயே வண்ணம் சேர்த்தார்கள். 1999-இல் புதிய காட்சிகளைச் செருகி ஒரு பதிப்பு வந்தது. 2016-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மூல நெகட்டிவிலிருந்தே அருமையாகப் புதுப்பித்தன. பழைய படம் பொதுச் சொத்தாக இருந்தாலும், புதிதாகச் சேர்த்த காட்சி சேர்த்தவருடையது. அதை எடுத்திருந்தால் நான் பையனிடம் நீக்கிவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு சாயங்காலம் முழுவதும் அலுவலக மேசையில் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தோம். ஒன்றில் அந்த நிறுவனத்தின் டிஸ்க். மற்றதில் பையன் பயன்படுத்திய துண்டு, இன்டர்நெட் ஆர்க்கைவில் இருந்து இறக்கியது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினோம். ஜோன்ஸ் சுத்தியலை ஓங்கும் இடத்தில், பையனின் துண்டில் திரையின் வலப்பக்க மேல் மூலையிலிருந்து கீழே ஒரு கீறல் இறங்குகிறது. கூந்தல் இழை மாதிரி மெலிசு. நாலைந்து ஃபிரேம் நடுங்கிவிட்டு மறைகிறது. டிஸ்க்கில் அதே இடம் கண்ணாடி போலச் சுத்தம். அவர்கள் பணம் செலவழித்து அழித்த கீறல் இவனிடம் அப்படியே இருந்தது. அவர்கள் பதிப்பிலிருந்து எடுத்திருந்தால் கீறல் எங்கிருந்து வரும்? ஃபிரேம்களைப் படமாக எடுத்து, நேரக் குறிப்போடு அட்டவணை போட்டுப் பதிலோடு இணைத்தேன்.

சட்ட ஆதாரத்துக்கு ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகம் பொது, அதைப் பதிப்பித்தவர் தம் அறிவைச் செலுத்திச் சேர்த்த தலைக்குறிப்பு போன்றவை அவருடையவை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. வெறும் உழைப்பும் செலவும் போதாது, குறைந்தபட்சப் படைப்புத்திறனாவது வேண்டும் என்றது. தூசி துடைத்ததற்காக ஒரு படம் முழுவதற்கும் சொந்தக்காரர் ஆக முடியுமா என்று இதை வைத்துத்தான் கேட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பையனை விட்டுக்கொடுக்கச் சொன்னேன்.

"டிவி சத்தத்தை எடுத்துடு தம்பி."

"ஏன் சார்? படம் ஃப்ரீன்னா மியூசிக்கும் ஃப்ரீதானே?"

அப்படியில்லை. ரொமேரோ குழுவிடம் இசையமைப்பாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கேப்பிட்டல் நிறுவனத்தின் இசைத் தொகுப்பிலிருந்து காசு கொடுத்து எடுத்துப் பொருத்தியதுதான் அந்தப் படத்தின் பின்னணி இசை. படத்தின் உரிமை போனதால் இன்னொருவருடைய இசையின் உரிமையும் கூடவே போய்விட்டது என்று சொல்ல முடியாது. நோட்டீஸ் விட்டவர்கள் இதை எழுப்பவில்லை. நாளை வேறு யாராவது எழுப்பலாம். பையன் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டான், பிறகு சுத்தியல் சத்தத்தைத் தானே பதிவு செய்து போட்டான். பாட்டி இருக்கும் அறையின் அமைதியில் அந்தச் சத்தம் மட்டும் கேட்பது, முன்பிருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

பதிலின் கடைசிப் பத்தியில் 60-ஆவது பிரிவைக் குறிப்பிட்டேன். இந்தப் பிரிவை நம் இளம் வக்கீல்கள் பலர் எடுப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். ஆதாரம் இல்லாமல் பதிப்புரிமை வழக்கு போடுவேன் என்று ஒருவர் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே முந்திக்கொண்டு நீதிமன்றம் போய், மிரட்டல் அடிப்படையற்றது என்று விளம்புகையும் தடையாணையும் நஷ்டஈடும் கேட்கலாம். சின்னப் படக்காரர்களுக்குச் சட்டம் தந்த நல்ல கருவி அது. கூடவே, எங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுத்துவிடாதபடி கேவியட் மனுவும் போட்டு வைத்தேன்.

அவர்கள் வழக்கு தொடுக்கவில்லை. வணிக வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுப் போட்டார்கள், நாங்களும் போனோம். அந்த அறையில் பேசியதை வெளியே சொல்வதற்கில்லை. நோட்டீஸ் எழுத்துமூலம் திரும்பப் பெறப்பட்டது, காட்சி படத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே வந்ததும், "அந்தக் கீறலை எப்படிங்க சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். பையனைக் காட்டினேன். முதலில் பார்த்தது அவன்தான்.

கட்டணம் பற்றிப் பேச வந்தபோது அவனிடம் ஒன்று கேட்டேன். படத்தின் முடிவில் ரொமேரோ, ரூஸோ, டுவேன் ஜோன்ஸ், இமேஜ் டென் ஆகியோருக்கு நன்றி என்று ஒரு கார்டு போட வேண்டும். சட்டப்படி அவன் போட வேண்டியதில்லை. பெயர் விடுபட்டதால் இழந்தவர்களின் படத்தை எடுத்துக்கொள்ளும்போது பெயரையாவது சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. அவன் மறுக்கவில்லை.

பிறகு ஓடிடி ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நாற்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. நடுவில் எங்கோ, படத்தின் தலைப்பையும் தொடக்க, முடிவு எழுத்துகளையும் தளம் தன் விருப்பப்படி மாற்றலாம் என்று ஒரு ஷரத்து. பென்சிலால் அடிக்கோடிட்டு, தலைப்பு எப்படி மாறினாலும் எந்த மொழியில் வந்தாலும் தயாரிப்பாளரின் பெயரும் உரிமை வரியும் ஆண்டும் ஒவ்வொரு பிரதியிலும் இருந்தே ஆக வேண்டும் என்று பக்கத்தில் எழுதினேன். உரிமையே போய்விடும் என்ற பயம் இன்று இல்லை. ஆனாலும் 55-ஆவது பிரிவின்படி, பிரதியில் பெயர் இருந்தால் மறுத்து நிரூபிக்கும்வரை அந்தப் பெயருக்குரியவரே படைத்தவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தளத்தின் சட்டப் பிரிவு இரண்டு முறை அந்த வரியை வெட்டி அனுப்பியது. மூன்றாவது முறையும் சேர்த்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பையன் அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.